கூர்நோக்கு இல்லத்துக்கு புதுசா வேலைக்கோ சேவைக்கோ போறீங்களா? பசங்க மனசையும் உசுரையும் எப்படி பாத்துக்கறதுன்னு ஒரு கைடு

எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி மேற்படிப்பு) படிக்கிறவங்க ஃபீல்டு வொர்க்குன்னு வருவாங்க, புதுசா என்ரோல் பண்ண வக்கீலுங்க லீகல் எய்டு பேனல்ல பேர் குடுத்துட்டு வருவாங்க, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல ஆற்றுப்படுத்துநரா, அதாவது கவுன்சிலரா, ஆர்டர் வாங்கி அடுத்த வாரமே உள்ள போய் நிக்கிறவங்களும் உண்டு. எல்லாருக்கும் முதல் நாள் மண்டைக்குள்ள ஓடுறது ஒன்னுதான், நான் உள்ள போய் என்ன பண்றது. தமிழ்நாட்டுல கேஸ்ல மாட்டின சிறார்களை விசாரணை நடக்கறப்போ வைக்கிற கூர்நோக்கு இல்லம், விசாரணை முடிஞ்சு அனுப்புற சிறப்பு இல்லம், பெரிய குற்றம்னு வந்த 16 வயசுக்கு மேலானவங்களை வைக்கிற பாதுகாப்பு இடம் இதெல்லாத்தையும் மனசுல வெச்சு எழுதுறேன். எல்லாரும் சொல்ற மாதிரி நானும் இனிமே ஹோம்னே சொல்லிக்கிறேன். பசங்கன்னு எழுதினாலும் பொண்ணுங்களும் இதுல அடக்கம், எண்ணிக்கை கம்மிங்கிறதால அவங்களை மறந்துடுறாங்க, நீங்க மறக்காதீங்க.

ஒன்னை முதல்லயே சொல்லிடறேன். நோட்டும் பேனாவுமா போய் உக்காந்து "உனக்கு கவுன்சிலிங் குடுக்க வந்திருக்கேன்"னு ஆரம்பிக்காதீங்க. உள்ள இருக்குற பையனை அரிக்கிறது பெரும்பாலும் மூணு விஷயம்: அடுத்து என்ன ஆகும்னு தெரியல, வீட்டுலேர்ந்து யாரும் வரல, ராத்திரி விளக்கை அணைச்சதும் யார் கை வைப்பான்னு பயம். கேஸ் தேதியைக் கேட்டு வந்து அவன்கிட்ட சொல்றது, அம்மாவுக்கு போன் போட ஏற்பாடு பண்றது, ராத்திரி ட்யூட்டில யாருன்னு விசாரிக்கிறது, இதுலயே பாதி நோய் இறங்கிடும். மிச்சத்துக்குத்தான் கவுன்சிலிங்.

போறதுக்கு முன்னாடி

அனுமதி விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். காலேஜ் லெட்டரோ நிறுவன லெட்டரோ இல்லாம கேட்டைத் தாண்ட முடியாது, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்கிட்ட ஆரம்பிங்க, போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டா முகம் சுளிக்காதீங்க, அது பசங்க பாதுகாப்புக்குத்தான். முன்னாடி சமூகப் பாதுகாப்புத் துறைன்னு இருந்ததோட பேரு இப்போ குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை, லெட்டர்ல பழைய பேரு போட்டா திருப்பி அனுப்பி ஒரு வாரம் போயிடும்.

செல்போனை வெளியிலயே வெச்சிட்டுப் போங்க. போட்டோ, செல்ஃபி, "இன்னைக்கு ஹோம்ல தம்பிகளோட"ன்னு ஸ்டேட்டஸ், எதுவும் கூடாது. முகத்தை மறைச்சாலும் கூடாது, ஊரு, ஸ்கூலு, கேஸு வெச்சே ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்க. சட்டத்தோட 74வது பிரிவுப்படி பையனோட அடையாளத்தை வெளியிட்டா 6 மாசம் வரைக்கும் சிறை, இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம்.

சட்டம்னு சொன்னது 2015ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், 2016 ஜனவரி 15லேர்ந்து நடைமுறைல இருக்கு. முழுசா படிக்கலன்னாலும் 3, 10, 12, 14, 15, 94 இந்த ஆறு பிரிவையாவது படிச்சிட்டுப் போங்க. பசங்க கேக்குற கேள்விக்கு பதில் பெரும்பாலும் இதுலதான் இருக்கு.

படி 1: வயசைப் பாருங்க

மனநலத்தைப் பத்தி பேசவேண்டிய இடத்துல ஏன் வயசுன்னு தோணும். பதினேழு வயசுப் பையனுக்கு ரெக்கார்டுல பத்தொம்பதுன்னு எழுதிட்டா அவன் ஹோமுக்கு வரமாட்டான், நேரா பெரியவங்க ஜெயில்தான், அங்க அவனுக்கு நடக்கக்கூடியதுக்கு எந்த ஆற்றுப்படுத்துநராலயும் மருந்து போட முடியாது. மீசை வந்திருக்கு, ஆள் வாட்டசாட்டமா இருக்கான், பையனே பயத்துல "பதினெட்டு முடிஞ்சிடுச்சு சார்"னு சொல்லிட்டான், இப்படி ஏதோ ஒரு காரணத்துல நடந்துடும். ஸ்கூல் சர்ட்டிஃபிகேட் இல்ல பத்தாவது மார்க் ஷீட்டு முதல்ல, அது இல்லன்னா மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து குடுத்த பிறப்புச் சான்று, இது ரெண்டும் இல்லவே இல்லங்கிறப்போதான் எலும்பு டெஸ்ட்டு. 94வது பிரிவு இந்த வரிசையைத் தெளிவா சொல்லுது, டெஸ்ட்டுன்னு உத்தரவு போட்டா 15 நாளுக்குள்ள முடிக்கணும். வீட்டுக்கு முதல் போன் போடும்போதே "டி.சி. எங்க இருக்கு"ன்னு கேளுங்க, பீரோவுல இருக்குற அந்த ஒத்தப் பேப்பர்தான் பையனைக் காப்பாத்தும். வயசுப் பிரச்சினையை எந்தக் கோர்ட்டுலயும் எந்தக் கட்டத்துலயும் கிளப்பலாம், கேஸ் முடிஞ்சப்புறம்கூட கிளப்பலாம், அதனால "டைம் போயிடுச்சு"ன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

படி 2: ஹோமுக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்ததைக் கேளுங்க

போலீஸ் பிடிச்சதுலேர்ந்து 24 மணி நேரத்துக்குள்ள, பயண நேரம் தவிர்த்து, இளைஞர் நீதிக் குழுமம் முன்னாடி நிறுத்தணும். அந்தக் குழுமத்தைத்தான் போர்டுன்னு சொல்றோம், ஒரு மாஜிஸ்திரேட், ரெண்டு சமூகப் பணியாளர், அதுல ஒருத்தராவது பொம்பளை. லாக்கப்புல வெக்கக்கூடாது, கைவிலங்கு கூடாது, எந்த ஸ்டேட்மென்ட்லயும் கையெழுத்து வாங்கக்கூடாது, அப்பா அம்மாவுக்கு உடனே தகவல் சொல்லணும். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தைகள் நல போலீஸ் அலுவலர்னு ஒருத்தர் இருக்கணும், அவர் பொறுப்புலதான் பையன் இருக்கணும்.

இதெல்லாம் பேப்பர்ல. நிஜத்துல, பையன் முதல் தடவை போர்டு முன்னாடி நிக்கிறப்போ உடம்புல காயம் இருக்கான்னு பாக்குறதுதான் பெரிய விஷயம். போலீஸ் இல்ல வேற யாராச்சும் கொடுமைப்படுத்தினாங்களான்னு விசாரிச்சு திருப்தி ஆகவேண்டியது போர்டோட கடமைன்னு 14வது பிரிவுலயே இருக்கு. ஆனா எஸ்கார்ட் வந்த போலீஸ்காரர் பக்கத்துலயே நிக்கிறப்போ "அடிச்சாங்களாப்பா"ன்னு கேட்டா எந்தப் பையன் ஆமான்னு சொல்லுவான்? நீங்க வக்கீலா போனா, போலீஸை கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்கன்னு போர்டுகிட்டயே கேளுங்க. ஹோம் பணியாளரா இருந்தா, உள்ள எடுக்குறப்போ மெடிக்கல் செக்கப் நடந்ததா, நடையில நொண்டல் இருக்கா, உள்ளங்கால் வீங்கியிருக்கா, காது சரியா கேக்குதா, சட்டையைக் கழட்ட தயங்குறானா, இதையெல்லாம் பாத்து தேதி, நேரம் போட்டு எழுதி வைங்க. வாயால சொன்னது காத்துல போயிடும், ரிஜிஸ்டர்ல இருக்கறதுதான் நிக்கும்.

இது ஏன்னு கேட்டா செங்கல்பட்டை நினைச்சுக்கோங்க. 2022 டிசம்பர் கடைசியில, ரயில்வே பேட்டரி திருடினான்னு பிடிச்ச 17 வயசுப் பையன் ஒருத்தன் அங்க இருக்குற அரசு இல்லத்துக்குள்ள போனான், ரெண்டு மூணு நாளுக்குள்ள பொணமாத்தான் வெளிய வந்தான். உள்ள அடிச்சதுல செத்தான்னு பணியாளர்கள் 6 பேரை கைது பண்ணாங்க. அதுக்கப்புறம்தான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவா போட்டு, மாநிலத்துல இருக்குற ஹோம்களையெல்லாம் எப்படி சரி பண்றதுன்னு ரிப்போர்ட் கேட்டாங்க, அவரும் 2023ல குடுத்தார். உள்ள வந்த முதல் ரெண்டு மூணு நாள்தான் மனசுக்கும் சரி உடம்புக்கும் சரி ரொம்ப ஆபத்தான நேரம், அந்தப் பையன் விஷயத்துலயும் அதுக்கு மேல நேரம் கிடைக்கல.

படி 3: முதல் பேச்சு

மேஜைக்கு எதிர்ல உக்கார வெச்சு பேசாதீங்க, ஸ்டேஷன் ஞாபகம் வரும். பக்கத்துல திண்ணை மாதிரி ஏதாவது இருந்தா அங்க, இல்லன்னா கேரம் போர்டு பக்கத்துல. உங்களை சார், மேடம்னு கூப்பிடுவான், அண்ணான்னோ அக்கான்னோ கூப்பிடச் சொல்லலாம், ஆனா நீங்க அவனை பேரு சொல்லித்தான் கூப்பிடணும். ஹோம்ல ஒரு கெட்ட பழக்கம் உண்டு, பையனை கேஸோட சட்டப் பிரிவு நம்பரை வெச்சு கூப்பிடுவாங்க, "டேய் த்ரீ நாட் டூ, இங்க வாடா"ன்னு. 302ங்கிறது பழைய ஐ.பி.சி.ல கொலைக்கான பிரிவு, 2024 ஜூலை 1ல புது குற்றச் சட்டம் (பி.என்.எஸ்.) வந்து அது 103 ஆயிடுச்சு, இவங்க நாக்குல இன்னும் 302தான். பேரு சொல்லி கூப்பிடற ஒரு ஆள் உள்ள இருந்தா அதுவே பையனுக்கு ஒரு பிடி.

முதல் பேச்சுல கேக்கவேண்டியது இவ்வளவுதான். சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட. ராத்திரி தூங்குனியா, எங்க படுத்த, பக்கத்துல யாரு. வீட்டுல யாருக்கு தெரியும் நீ இங்க இருக்கன்னு. உடம்புல எங்கயாச்சும் வலிக்குதா. தெனம் போடற மாத்திரை ஏதாச்சும் இருந்துச்சா, ஃபிட்ஸ், வீசிங் மாதிரி.

கேக்கவே கூடாத ஒரு கேள்வி இருக்கு: "என்னடா பண்ண?" பண்ணானா பண்ணலையான்னு கண்டுபிடிக்கிறது உங்க வேலை இல்ல. அதைவிட முக்கியமா, அவன் உங்ககிட்ட நம்பி சொன்னது உங்க நோட்டுல ஏறி, அந்த நோட்டு ஃபைல்ல போய், ஃபைல் போர்டு மேஜைக்குப் போனா அது அவனுக்கே எதிரா திரும்பிடும். தானா சொல்ல வந்தா "இதை உன் வக்கீல்கிட்ட சொல்லு தம்பி, என்கிட்ட வேற எது வேணா பேசு"ன்னு மெதுவா நிறுத்துங்க. நன்னடத்தை அலுவலர், அதாவது பி.ஓ., குடும்பம், படிப்பு, சூழல் எல்லாம் விசாரிச்சு 15 நாளுக்குள்ள சமூகப் புலனாய்வு அறிக்கை குடுக்கணும், அது அவரோட வேலை, அவருக்கு வீட்டு அட்ரஸும் ஸ்கூல் விவரமும் கிடைக்க நீங்க உதவலாம்.

இன்னொன்னு, ரகசியம். "நீ என்கிட்ட சொல்றதை யார்கிட்டயும் சொல்லமாட்டேன்"னு சத்தியம் பண்ணிடாதீங்க. பாலியல் தொல்லை நடந்துச்சுன்னு பையன் சொன்னா போக்சோ சட்டப்படி நீங்க தகவல் குடுத்தே ஆகணும், குடுக்கலன்னா உங்க மேலயே கேஸ் வரும். அதனால முதல்லயே சொல்லிடுங்க: "நீ பேசறது நமக்குள்ள இருக்கும், ஆனா உன் உசுருக்கு ஆபத்துன்னாலோ, உன்னை யாராச்சும் தப்பா தொட்டாங்கன்னாலோ, நான் சொல்லியே ஆகணும், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இதைக் கேட்டதும் பசங்க ஓடிப்போயிடுவாங்கன்னு பயப்படாதீங்க, ஏமாத்தமாட்டான்னு தெரிஞ்ச ஆள்கிட்டதான் அவங்க அப்புறம் வந்து பேசுவாங்க.

படி 4: போதை இறங்குற நாட்கள்

முதல் வாரம் ஒரு பையன் கை நடுங்கி, வேர்த்து, வாந்தி எடுத்து, ராத்திரி பூரா நடந்துக்கிட்டே இருந்தா "திமிரு"ன்னு சொல்ற பணியாளர் இருப்பாங்க. அது மாத்திரையோ கஞ்சாவோ நின்னுபோனதால வர்ற பாடா இருக்கலாம். இப்போ பசங்ககிட்ட ஓடுறது கஞ்சா, கூல் லிப்ங்கிற புகையிலை, பஞ்சர் ஒட்டற சொல்யூஷன், அப்புறம் டேப்பெண்டடால் மாதிரி வலி மாத்திரை, அதைக் கரைச்சு ஊசியா போட்டுக்கறவங்களும் உண்டு. ஊசி போட்டவன்னா எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை டெஸ்ட்டும் எடுக்கணும், கையில சீழ் பிடிச்சிருக்கான்னும் பாக்கணும்.

அட்வைஸ் பண்ற நேரம் இது இல்ல. என்ன போட்ட, எவ்வளவு நாளா, கடைசியா எப்போன்னு மட்டும் கேட்டு டாக்டர்கிட்ட அனுப்புங்க. ஃபிட்ஸ் வந்தாலோ, ஆள் சம்பந்தமில்லாம பேசினாலோ, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாம அப்பவே ஜி.எச். எதிர் பக்கமும் ஒரு தப்பு நடக்கும், பையன் சத்தம் போடறான்னு தூக்க மாத்திரையைக் குடுத்து அமுக்கி வெக்கிறது. பயிற்சி பெற்ற மனநல நிபுணர் பாத்து இன்னது இருக்குன்னு சொல்லாம மனநல மருந்து எதுவும் குடுக்கக்கூடாதுன்னு இதே சட்டத்துக்கான 2016ம் வருஷத்து மாதிரி விதிகள்லயே (மாடல் ரூல்ஸ்) இருக்கு, யார் எழுதின சீட்டுன்னு தயங்காம கேளுங்க.

படி 5: செத்துடலாம்னு நினைக்கிற பையன்

இது இந்தக் கட்டுரையிலயே கஷ்டமான பகுதி, ஆனா இதுக்காகத்தான் எழுத உக்காந்தேன்.

எப்போ உஷாரா இருக்கணும்? உள்ள வந்த முதல் சில ராத்திரி. ஜாமீன் மனு தள்ளுபடி ஆன அன்னைக்கு. பாக்க வர்றேன்னு சொன்ன அம்மா வராத ஞாயித்துக்கிழமை. கூட வந்த கூட்டாளிக்கு ஜாமீன் கிடைச்சு இவன் மட்டும் தங்குற அன்னைக்கு. வீட்டுல சாவு, அதுக்குப் போகமுடியாத நிலைமை. லவ் பண்ணி ஓடிப்போய் போக்சோ கேஸ்ல வந்த பதினேழு வயசுப் பசங்க நிறைய இருக்காங்க, அந்தப் பொண்ணுக்கு வேற இடத்துல கல்யாணம்னு யாராச்சும் வந்து சொல்லிட்டா அந்த ராத்திரி அவனைத் தனியா விடாதீங்க.

எப்படி இருப்பான்? அழுதுக்கிட்டே இருப்பான்னு எதிர்பாக்காதீங்க. சிலபேர் எரிஞ்சு விழுவாங்க, சண்டை இழுப்பாங்க. பிடிச்ச பிஸ்கட் பாக்கெட்டை, நல்ல சட்டையை அடுத்தவனுக்கு குடுத்துடுவான். வெயில்லயும் முழுக்கை சட்டை. சாப்பாட்டு லைன்ல கடைசியா நிப்பான், தட்டை அப்படியே வெச்சிட்டுப் போவான். ரெண்டு நாளா கலங்கிக்கிடந்தவன் திடீர்னு ரொம்ப அமைதியா சிரிச்ச முகமா ஆயிட்டா அதையும் சந்தோஷம்னு எடுத்துக்காதீங்க.

நேரா கேளுங்க. "செத்துப் போயிடலாம்னு தோணுதா தம்பி?" கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்ச மாதிரி ஆயிடும்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு, அப்படி ஆகாது, கேக்க ஒரு ஆள் வந்துச்சேன்னு பல பசங்களுக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். ஆமான்னா, அடுத்து, எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா, எப்போன்னு நினைச்சிருக்கியா, முன்னாடி எப்பவாச்சும் முயற்சி பண்ணியிருக்கியா. வழியும் நேரமும் யோசிச்சு வெச்சிருந்தா அது அவசரம். அவனை விட்டு ஒரு நிமிஷம்கூட நகராதீங்க, இன்னொரு ஆளை அனுப்பி சூப்ரண்டைக் கூப்பிடுங்க, சொன்னதை எழுத்துலயும் குடுங்க, ஒரு காப்பி உங்ககிட்ட இருக்கட்டும். கிட்ட இருக்குற ஆபத்தான சாமான்களை எடுத்துடணும், அதையும் திருடனைச் சோதனை போடற மாதிரி செய்யாம சொல்லிட்டு செய்யணும். அன்னைக்கே ஜி.எச். மனநலப் பிரிவு. ராத்திரி ஆயிடுச்சு, டாக்டர் இல்லன்னா 14416, அது டெலிமானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க, பணியாளரே கூப்பிட்டு என்ன பண்றதுன்னு கேக்கலாம்.

பண்ணவே கூடாதது, தனி ரூம்ல போட்டு பூட்டுறது. பாதுகாப்புக்காகன்னு சொல்லித்தான் பூட்டுவாங்க. தனிமைதான் அவனை இந்த இடத்துக்கே கொண்டு வந்திருக்கு, அதையே இன்னும் ஊட்டறதா? காவல்ல இருக்குற சிறார்களை தண்டனையா தனிச்சிறையில அடைக்கக்கூடாதுன்னு ஐ.நா.வோட 1990 ஹவானா விதிகள்ல இருக்கு. கூட ஒரு ஆள் உக்காரணும், மாத்தி மாத்தி, பேசணும்னுகூட இல்ல, சும்மா கேரம் ஆடிக்கிட்டு இருந்தாலும் போதும்.

கையைக் கிழிச்சுக்கிட்டவனை "சீன் போடறான்"னு திட்டறதும் அடிக்கிறதும் நிறைய இடத்துல நடக்குது. சீனாவே இருக்கட்டும், கவனிக்க ஆள் இல்லாதப்போதான் மனுஷன் சீன் போடறான். காயத்துக்கு கட்டு போடுங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க, அப்புறம் என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. தற்கொலைக்கு முயற்சி பண்ணதுக்காக இன்னொரு கேஸ் போடுவேன்னு மிரட்டினா, 2017 மனநலச் சட்டத்தோட 115வது பிரிவை எடுத்துக் காட்டுங்க, கடும் மன அழுத்தத்துல இருந்தார்னுதான் எடுத்துக்கணும், அதுக்காக தண்டிக்கக்கூடாதுன்னு அதுல இருக்கு.

படி 6: பசங்களுக்குள்ள நடக்குறது, பணியாளர் பண்றது

புதுசா வர்றவனை பழைய பசங்க ஒரு கை பாப்பாங்க. துணி துவைக்கச் சொல்றது, சாப்பாட்டைப் பிடுங்கறது, அடிக்கிறது, அதுக்கு மேலயும். எந்த ஊர், எந்த ஏரியா, எந்த சாதி, எந்த கேங்குன்னு கேட்டுத்தான் முதல்ல எடை போடுவாங்க, வெளியில ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்கிட்ட ரெண்டு கோஷ்டியையும் ஒரே டார்மெட்ரில போட்டுட்டா அப்புறம் என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. வயசு, ஆணா பொண்ணா, உடம்பு மனசு நிலைமை, கேஸோட தன்மை, இதெல்லாம் பாத்து பிரிச்சு வைக்கணும்னு சட்டத்தோட 47வது பிரிவே சொல்லுது, பன்னெண்டு வயசுப் பையனும் பதினேழு வயசுப் பையனும் பக்கத்துல பக்கத்துல படுக்கிறதைப் பாத்தா அன்னைக்கே கேளுங்க.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஹோம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்காம அந்த ஹோமைத் தெரியும்னு சொல்லாதீங்க. ராத்திரி எத்தனை பேர் ட்யூட்டி, டார்மெட்ரியை வெளிய பூட்டிட்டு போயிடறாங்களா, பாத்ரூம் பக்கம் லைட்டு எரியுதா, உடைஞ்ச ஜன்னல் கண்ணாடி கிடக்கா, பையன் கத்தினா கேக்குற தூரத்துல ஆள் இருக்கா. பசங்ககிட்டயே கேக்கலாம், "இங்க எந்த இடம் உனக்கு பிடிக்காது?" நேரா யார் அடிக்கிறாங்கன்னு கேட்டா வாயே தொறக்காதவன் இதுக்கு பதில் சொல்லுவான்.

அடிக்கிறது பணியாளரா இருந்தா? புதுசா வந்தவங்க இங்கதான் தடுமாறுவாங்க, சொன்னா அனுமதியை கேன்சல் பண்ணிடுவாங்கன்னு. பயம் நியாயம்தான். ஆனா சட்டம் தெளிவா இருக்கு, பொறுப்புல இருக்குற பணியாளர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினா 75வது பிரிவுல 5 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 5 லட்சம் வரைக்கும் அபராதம். புகாரை போர்டுகிட்ட குடுக்கலாம், மாசத்துக்கு ஒரு தடவையாவது ஹோமுக்கு வந்து இன்ஸ்பெக்ஷன் பண்ணவேண்டியது போர்டோட கடமை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, அவங்க நம்பர் 15100. மாநில குழந்தைகள் உரிமை பாதுகாப்பு ஆணையம் இருக்கு. குழந்தைகள் உதவி எண் 1098. ஹோம்ல புகார்ப் பெட்டி இருக்கணும், அது பசங்க கைக்கு எட்டுற இடத்துல இருக்கா, கேமராவுக்கு நேர் கீழ மாட்டியிருக்கா, சாவி யார்கிட்ட, கடைசியா எப்போ திறந்தாங்கன்னு பாருங்க. சூப்ரண்டு ரூம் வாசல்ல மாட்டின பெட்டில எந்தப் பையனும் சீட்டு போடமாட்டான்.

புகார் குடுத்தப்புறம் அந்தப் பையன் அதே ஹோம்லதான் படுக்கணும்ங்கிறதை மறந்துடாதீங்க. புகாரோட கூடவே "இவனை வேற இடத்துக்கு மாத்துங்க, இல்ல சம்பந்தப்பட்டவரை ட்யூட்டிலேர்ந்து எடுங்க"ன்னும் எழுதுங்க, இல்லன்னா உங்க நியாயத்துக்கு அடி வாங்குறது அவன். ஒன்னு நியாயமா சொல்லணும், எல்லா பணியாளரும் அப்படி இல்ல, கம்மி சம்பளத்துக்கு டபுள் ட்யூட்டி பாத்துக்கிட்டு தன் டிபன் பாக்ஸ்லேர்ந்து பசங்களுக்கு ஊட்டற ஆயாம்மாவும் வாட்ச்மேன் அண்ணனும் ஒவ்வொரு ஹோம்லயும் இருப்பாங்க, அவங்களை முதல்ல சிநேகம் பிடிங்க, ராத்திரி சேதி அவங்ககிட்டதான் இருக்கும்.

படி 7: காத்திருக்கிறதை தாங்க வைக்கிறது

பசங்க உங்களைப் பாத்ததும் கேக்குறது "அண்ணா எனக்கு எப்போ ஜாமீன்?" தெரியலன்னு சொல்லிட்டு நகராதீங்க, "சனிக்கிழமைக்குள்ள கேட்டு சொல்றேன்"னு சொல்லுங்க, சனிக்கிழமை கண்டிப்பா போய் சொல்லுங்க, பதில் கெட்டதா இருந்தாலும் சரி.

12வது பிரிவுப்படி, ஜாமீன்ல விடக்கூடிய குற்றமோ விடமுடியாத குற்றமோ, சிறாருக்கு ஜாமீன்தான் பொது விதி. வெளிய போனா தெரிஞ்ச குற்றவாளிகளோட சேருவான், இல்ல அவனுக்கே ஆபத்து, இல்ல நீதியே கெட்டுப்போகும்னு போர்டு நினைச்சா மட்டும்தான் மறுக்கலாம், மறுத்தா காரணத்தை எழுதணும். ஜாமீன் குடுத்தும் ஷூரிட்டிக்கு ஆள் கிடைக்காம உள்ளயே கிடக்குற ஏழைப் பசங்க இருக்காங்க, 7 நாளுக்குள்ள நிபந்தனையை நிறைவேத்த முடியலன்னா திரும்ப போர்டு முன்னாடி நிறுத்தி நிபந்தனையை மாத்தச் சொல்லலாம்னு அதே பிரிவுல இருக்கு. இந்த 7 நாள் கணக்கை ஒரு நோட்டுல போட்டு வெச்சு லீகல் எய்டு வக்கீலுக்கு ஞாபகப்படுத்துறதுதான் நீங்க பண்ணக்கூடிய பெரிய மனநல சிகிச்சை, நான் சும்மா சொல்லல.

"எனக்கு அடுத்த மாசம் பதினெட்டு ஆகுது, ஜெயிலுக்கு மாத்திடுவாங்களா?"ன்னு ஒரு பயம் உள்ள சுத்திக்கிட்டே இருக்கும், பொறந்தநாள் வரப்போகுதுன்னு தூங்காம கிடக்குற பசங்களை இங்கதான் பாக்கலாம். விசாரணை நடுவுல பதினெட்டு முடிஞ்சாலும் சிறாராவே வெச்சுத்தான் விசாரணை தொடரும், 5வது பிரிவு. போர்டே விசாரிச்சு முடிச்சா அதிகபட்சம் 3 வருஷம்தான் சிறப்பு இல்லம். 16 வயசு முடிஞ்சு, கொடுங்குற்றம்னு வர்ற கேஸ்ல மட்டும் 15வது பிரிவுப்படி பூர்வாங்க மதிப்பீடு நடக்கும், பையனோட மன உடல் திறன், விளைவு புரிஞ்சு பண்ணானா, எந்தச் சூழ்நிலைல நடந்துச்சுன்னு பாத்து பெரியவங்க மாதிரி விசாரிக்க குழந்தைகள் கோர்ட்டுக்கு அனுப்பலாமான்னு முடிவு பண்ணுவாங்க. புதுசா வந்த ஆற்றுப்படுத்துநரை "நீங்களே ஒரு ரிப்போர்ட் குடுங்க"ன்னு கேட்டா, பயிற்சி இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கிடுங்க. ஒரு அரை மணி நேரப் பேச்சை வெச்சு அந்தப் பையனோட இருபது வருஷத்தை முடிவு பண்ற தாள் அது.

பொழுதும் போகணும். கட் ஆன படிப்பு, திறந்தநிலைப் பள்ளி, பத்தாவது பரிட்சை தேதி, வாலிபால், சமையல்ல உதவி, எதுவா இருந்தாலும் காலைல எழுந்திரிச்சா ஒரு வேலை இருக்கணும். டி.வி. மட்டும் போட்டு விடற ஹோம்ல மத்தியானம் மூணு மணிக்கு மேல சண்டை ஆரம்பிக்கும்.

படி 8: வீடு

அம்மா வரலன்னா பாசம் இல்லன்னு முடிவு பண்ணாதீங்க. கூலி வேலை, ஒரு நாள் போனா ஐநூறு அறுநூறு போச்சு, பஸ் சார்ஜ், எந்த ஹோம்னே தெரியாது, உள்ள விடுவாங்களான்னு தெரியாது, ஊருல தலை காட்ட முடியாத அவமானம் வேற. போன் போட்டு எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த அடையாள அட்டை, எந்த பஸ் ஸ்டாப்புன்னு சொல்லுங்க. வர்றவங்ககிட்ட ஒரே ஒரு கோரிக்கை வைங்க: "பாக்குற பத்து நிமிஷத்துல திட்டாதீங்கம்மா, ஏன்டா இப்படி பண்ணன்னு கேக்காதீங்க, அடுத்து எப்போ வருவீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க." அப்பா வந்து "எனக்கு புள்ளையே இல்ல"ன்னு சொல்லிட்டுப் போன அன்னைக்கு படி 5ஐ திரும்ப எடுத்துப் படிங்க.

படி 9: வெளிய போறப்போ

ஜாமீன் ஆர்டர் வந்துடுச்சு, எல்லாரும் கையைத் தட்டிட்டு ஃபைலை மூடிடுவாங்க. மாத்திரை, ஊசி பழக்கம் இருந்த பையனுக்கு இந்த நேரம்தான் கண்டம். ரெண்டு மூணு மாசம் எடுக்காம இருந்திருப்பான், உடம்பு பழக்கம் விட்டுப்போயிருக்கும், வெளிய போய் கூட்டாளிங்களோட பழைய அளவையே போட்டா மூச்சு நின்னுடும். போறதுக்கு முன்னாடி இதை அவன்கிட்டயும் வீட்டுல ஒருத்தர்கிட்டயும் கூச்சப்படாம சொல்லியே அனுப்புங்க. மனநல மாத்திரை சாப்பிடறவன்னா ரெண்டு வாரத்துக்கு மாத்திரையும், எந்த ஜி.எச்.ல எந்த நாள் போய் வாங்கணும்னு எழுதின சீட்டும் கையில இருக்கணும்.

அடுத்த வாய்தா தேதியை அம்மா போன்ல அலாரமாவே போட்டு விடுங்க, வாய்தா தவறித்தான் பல பேர் திரும்ப உள்ள வர்றாங்க. ஸ்கூல்ல திரும்ப சேக்கமாட்டேன்னு சொன்னா பி.ஓ.வையும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் கூட கூட்டிட்டுப் போய் ஹெச்.எம்.கிட்ட பேசுங்க.

கடைசியா அவனே கேப்பான், "அண்ணா, இதுக்கப்புறம் எனக்கு வேலை கிடைக்குமா, பாஸ்போர்ட்டு கிடைக்குமா?" 24வது பிரிவைச் சொல்லுங்க: இந்தச் சட்டத்துல விசாரிச்ச சிறாருக்கு அதனால எந்தத் தகுதியிழப்பும் வராது, அப்பீல் காலம் முடிஞ்சப்புறம் ரெக்கார்டையும் அழிக்கணும். 16 வயசுக்கு மேல, பெரியவங்க மாதிரி விசாரிச்சு குழந்தைகள் கோர்ட்டு தீர்ப்பு சொன்ன கேஸுக்கு மட்டும் இது பொருந்தாது. போலீஸ் வெரிஃபிகேஷன்ல பழைய கேஸைக் காட்டி யாராச்சும் இழுத்தடிச்சா 15100க்கு கூப்பிடச் சொல்லி, அந்த நம்பரையும் அதே சீட்டுல எழுதிக் குடுங்க.